தூங்க வைக்கிற மாப்பிள்ளை

என் கணவர் மயக்க மருந்து டாக்டர். என் அம்மாவைப் பொறுத்தவரை அவர் டாக்டரே இல்லை, "தூங்க வைக்கிற மாப்பிள்ளை", அவ்வளவுதான். டாக்டர் என்றால் கத்தி பிடிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகவே தொடங்கிவிட்டாள். இன்னும் அம்மா வாயிலிருந்து அவரை 'டாக்டர்' என்கிற அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அவர் கேட்டு வாங்குகிற ஆளும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றதும், சொந்தக்காரருக்கு நானே மயக்க மருந்து கொடுக்க வேண்டாமே என்று அவர் நழுவப் பார்த்தார்.

"வெட்டுறதுக்குப் பெரிய டாக்டர் வரட்டும். தூங்க வைக்கத்தானே, அதுக்கு மாப்பிள்ளை போதும்" என்றாள் அம்மா.

வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியே பையை உருவி எடுத்துவிட்டார் சர்ஜன். அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே என் கணவர் ஸ்கேனில் பார்த்துப் பார்த்து, விலா எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி போட்டு, வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரத்துப்போக வைத்தார். கண் விழிக்கும்போது மாமியாருக்கு வலி தெரியக் கூடாதாம்.

மாலையில் சர்ஜன் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"துளிகூட இல்ல டாக்டர். உங்களுக்கு நல்ல கைராசி!"

அம்மா படுத்தபடியே கும்பிட்டாள். சர்ஜனும் கூச்சமே இல்லாமல் அதை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து என் கணவர் உள்ளே வந்தார்.

"மாப்ளே, வலது தோள் உயிர் போகுது. வயித்துல ஆபரேஷனுக்கு ஊசியைத் தோள்ல போட்டுட்டீங்களா?"

"இல்ல அத்தை. ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள காத்து அடிப்பாங்க. அதுல மிச்சம் இருக்கறது தோள்ல வலியாத் தெரியும். என் ஊசி அந்த வலியைக் கொண்டுபோற நரம்புக்கு எட்டாது. எழுந்து கொஞ்சம் நடந்தா குறையும்."

"காத்தாம்! நான் என்ன டயரா?"

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதே பாட்டு. வயிறு சர்ஜன் கணக்கு, தோள் மாப்பிள்ளை கணக்கு. அவர் சிரித்துக்கொண்டே தலையணையைச் சரிசெய்தார். அதைப் பிடுங்கி இரண்டு பேரையும் சாத்தலாமா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலை மரமரப்பு விட்டது.

"என்னடி இது, வயிறு இப்படி வலிக்குது? நேத்து நல்லாத்தானே தச்சாரு? அதுக்குள்ள பிரிஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் பிரியல. நேத்து உனக்கு வலிக்காம இருந்ததுக்குக் காரணம் உன் மாப்பிள்ளை போட்ட ஊசி. அது தீர்ந்துபோச்சு. இப்ப வலிக்குது பாரு, அதுதான் உன் கைராசிக்காரர் வேலை."

அம்மா நர்ஸ் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ஜன் வந்தார். வயிற்றைத் தொடக் கையை நீட்டியதும் அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. டாக்டர் வரட்டும்."

சர்ஜனின் கை அப்படியே நின்றது. "எந்த டாக்டரும்மா?"

அம்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே நின்றிருந்த என் கணவர், தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.