தலைமாட்டில் உட்கார்ந்தவள்

ஆசிரியை ஃபலேசியின் இரண்டாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். அதைத் தரையில் விரித்து வைத்தால், ஒரே தட்டில் சாப்பிட உட்காருவதைப்போலச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். முதலில் வந்தவனுக்குப் புத்தகத்தின் கால்மாடு. பிந்தி வந்தவர்களுக்குப் பக்கவாட்டு. எல்லோருக்கும் கடைசியில் வந்தவளுக்குத் தலைமாடு. முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே வருஷம் முழுக்க உட்கார வேண்டும் என்பது ஃபலேசி போட்ட விதி. அவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. வகுப்பை அடக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

லிக்னெட் பள்ளிக்கூடம் வந்தது வருஷத்தின் நடுவில். அதுவரை சில்வா ஏரிக்கரையில் அம்மாவோடு மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்ததால் தலைமாடு கிடைத்தது. குப்புறக் கவிழ்ந்து, விரலை வைத்து, உதடு அசைய அவள் வாசிப்பதை ஃபலேசி பார்த்திருக்கிறாள். பார்த்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள். எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கிறாள் என்று மட்டும் யோசித்ததில்லை.

அந்த வகுப்பில் வாசிப்புக்குப் பெரிய தேவையும் இருக்கவில்லை. வருஷக் கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுப்பார். ஒரு நிமிஷம் வாசிக்க வேண்டும். ஒரு சொல்கூட வராத பிள்ளை மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். தாளில் இருக்கும் கதை மூன்று வருஷமாக ஒன்றேதான். ஒரு ஆடு அப்பாவின் தொப்பியைத் தின்றுவிடுகிறது. தலைமை ஆசிரியர் கடம்மாஞ்சா தினமும் காலையில், தேசிய கீதம் முடிந்ததும், அந்த ஆட்டையும் பாடவைத்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வாசிப்புப் பயிற்சி.

இந்த வருஷம் தேர்வெடுக்க வந்தவர் திருமதி கல்யாட்டி. ஆசிரியர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. ஃபலேசி ஜன்னலோரம் நின்றாள். ஸ்டான்வெல் என்ற பையன் முதலில் உள்ளே போனான். தாளைக் கையில் வாங்கி, கூரையைப் பார்த்து, ஆட்டுக் கதையை ஒரே மூச்சில் ஒப்பித்தான். நிமிஷம் முடியவில்லை, கதை முடிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் அப்படித்தான்.

லிக்னெட் மட்டும் தாளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதைத் திருப்பிப் பிடித்தாள்.

"அப்படி இல்லம்மா, இப்படி," என்று திருமதி கல்யாட்டி அன்பாக நேராக்கிக் கொடுத்தார்.

லிக்னெட் மரியாதையாக மறுபடி திருப்பினாள். அவர் மறுபடி நேராக்கினார். மூன்றாம் தடவை அவர் தாளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லிக்னெட் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிஷம் முடிந்தது.

மத்தியானம் முடிவு தெரிந்தது. வகுப்பு முழுக்கத் தேர்ச்சி, லிக்னெட்டைத் தவிர.

"ஒரு சைபர் இருக்கணும் டீச்சர்," என்றார் கடம்மாஞ்சா. அவர் முகம் மலர்ந்திருந்தது. "அத்தன பேரும் பாஸுன்னா சந்தேகம் வரும். குழம்புல உப்பு மாதிரி வெச்சுக்குங்க."

ஃபலேசி குழாயடிக்குப் போனாள். லிக்னெட் அங்கே காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதே காலைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஏன்டி, ஆட்டுக் கதைதான் மனப்பாடமாச்சே? சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"அந்தம்மா வாசிக்கச் சொன்னாங்க மேடம். சொல்லச் சொல்லல."

"அப்ப வாசிக்க வேண்டியதுதானே?"

"தாள தலகீழாத் தந்தாங்க மேடம். நான் ரெண்டு தடவ சரி பண்ணினேன். வுடமாட்டேன்னுட்டாங்க."

தலைமாடு, கால்மாடு, தான் போட்ட விதி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஃபலேசிக்கு விளங்கியது.

"அம்மாட்ட சொல்லிடாதீங்க மேடம்," என்றாள் லிக்னெட். "ஃபெயிலானா மீனுக்கே வந்துருன்னு சொல்லியிருக்கா."

ஃபலேசி கடம்மாஞ்சாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, மறு தேர்வு கேப்போம். வேற கதை கொண்டு வருவாங்க. உங்க ஸ்டான்வெல் அத வாசிச்சிருவானா?"

கூரையைப் பார்த்து ஒப்பித்த ஸ்டான்வெல் ஃபலேசியின் நினைவுக்கு வந்தான்.

"அப்ப வாயத் திறக்காதீங்க. அது உங்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லையே."

சாப்பாடு முடிந்ததும் திருமதி கல்யாட்டி ஒரு மாதிரி வகுப்பு நடத்தினார். இவ்வளவு நல்ல பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யாமல் போக அவருக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து புதுக் கதைப்புத்தகம் ஒன்றை எடுத்தார். பல்வலி வந்த நீர்யானையின் கதை.

"பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டும்போது புத்தகம் அவங்களப் பாக்கணும் டீச்சர். உங்கள இல்ல. படமும் எழுத்தும் அவங்க கண்ணுல படணும்."

புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து, பிள்ளைகளின் பக்கம் விரித்துப் பிடித்தார். பிறகு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "நீர்... நீர்யானைக்கு... ஒரு..." கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறு பக்கம். பிள்ளைகள் நீர்யானையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"லிக்னெட்டக் கூப்பிடலாமா மேடம்?" என்றாள் ஃபலேசி. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"எந்த லிக்னெட்?" என்றார் கடம்மாஞ்சா அவசரமாக.

அதற்குள் லிக்னெட் எழுந்து வந்துவிட்டாள். ஃபலேசி புத்தகத்தை வாங்கி ஒரு நாற்காலியில் பிள்ளைகளைப் பார்க்க நிறுத்தினாள். லிக்னெட் நாற்காலிக்குப் பின்னால் நின்று மேலிருந்து குனிந்தாள். விரலை வைத்தாள்.

நீர்யானைக்குப் பல் வலித்தது. அது கொக்கைக் கூப்பிட்டது. கொக்கு வரப் பயந்தது. லிக்னெட் தடங்கலில்லாமல் வாசித்தாள். பக்கத்தைத் திருப்பி, நிதானமாக மேலே வாசித்தாள். வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கூடச் சேர்ந்து பாட யாருக்கும் தெரியாத கதை அங்கே வாசிக்கப்படுவது அதுதான் முதல் தடவை.

"பிரமாதம்!" என்றார் திருமதி கல்யாட்டி. "எங்க பயிற்சியில ஆசிரியர்களுக்கே இது வர்றதில்ல. எந்த வகுப்புப் பொண்ணு இது?"

"ஒண்ணாம் வகுப்பு மேடம்," என்றார் கடம்மாஞ்சா. "அடுத்த வருஷத்துலேர்ந்து."

திருமதி கல்யாட்டி லிக்னெட்டின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். காலையில் விரலால் அழுத்திப் பிடித்த தாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். புத்தகத்தை எடுத்து ஸ்டான்வெல்லிடம் நேராக நீட்டினார்.

"அடுத்த பக்கம் நீ வாசி ராஜா."

ஸ்டான்வெல் புத்தகத்தை வாங்கினான். கூரையைப் பார்த்தான். "ஒரு ஊரில் ஒரு ஆடு இருந்தது," என்று ஆரம்பித்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கடம்மாஞ்சா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது, இந்த மண் ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் சிரமம் என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

திருமதி கல்யாட்டி ஃபலேசியைத் தனியாகக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியரும் கூடவே வந்துவிட்டார்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் மார்க் மாத்த எனக்கு அதிகாரமில்ல. மாத்தணும்னா வகுப்பு மொத்தத்துக்கும் மறுபடி தேர்வு வைக்கணும். புதுக் கதை. அடுத்த மாசம் வரலாம். வகுப்பாசிரியை கேட்டாத்தான் வர முடியும்."

"எதுக்கு மேடம் உங்களுக்கு அலைச்சல்?" என்றார் கடம்மாஞ்சா. "ஒரு பிள்ளதானே. சின்னது. ஒரு வருஷம் போனா என்ன?"

ஃபலேசி திரும்பி வகுப்பைப் பார்த்தாள். லிக்னெட் புத்தகத்தை மறுபடி நாற்காலியில் நிறுத்தி, அதன் பின்னாலேயே நின்று, கொக்கு வந்ததா இல்லையா என்று தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள். இந்தத் தடவை குரல் கடைசி வரிசை வரை கேட்டது. சில பிள்ளைகள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து நின்றார்கள்.

மறுநாள் கடம்மாஞ்சா அவளோடு பேசுவதை நிறுத்தினார். தேசிய கீதத்துக்குப் பிறகு ஆடும் வரவில்லை. ஃபலேசி பழைய விதியை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்தாள். தினமும் மாறும் என்றாள். லிக்னெட்டுக்குக் கால்மாடு கொடுத்தாள். தலைமாட்டில் ஸ்டான்வெல்லை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

லிக்னெட் புத்தகத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இங்கேர்ந்து எல்லாம் தலகீழா இருக்கு மேடம்."

"இங்கேயும் அப்படித்தாண்டி இருக்கு," என்றாள் ஃபலேசி. முதல் எழுத்தின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "கொஞ்சம் பொறு. மெதுவா வரும்."