மனுவில் விட்டுப்போன வலை

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டே தொடங்குகிறேன். ஒரே பக்கம், கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து. எழுதியது நான். நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் காதை நானே பிடித்துத் திருகிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மனு கேட்டு வந்தவள் எங்கள் கீழ்வீட்டுக்காரி. மீன் ஏலக்கூடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்வது அவள் வேலை, அதனால் துறைமுகம் முழுக்க அவளுக்கு எடைக்காரி என்றே பேர். அவளுடைய தம்பியும் இன்னொருவனும் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் சின்ன ஃபைபர் படகில் கடலுக்குப் போனார்கள். அந்த இன்னொருவனை வானொலி என்பார்கள், வாயை மூடமாட்டான். மதியம் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"எஞ்சின் நின்னுடுச்சுக்கா. பாத்துக்கிட்டிருக்கோம்."

பின்னால் வானொலி ஏதோ பேசிக்கொண்டே இருந்தானாம். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை. இதை எழுதும் இன்று ஒன்பதாவது நாள்.

2

தொடக்கத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். ஒளிக்காமல் காட்டிவிடுகிறேன்.

கடல் அன்று அமைதியாக —

வேண்டாம். கடல் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டு மணி வரை போர்வைக்குள் கிடந்தேன்.

அலைகளின் மடியில் இரண்டு உயிர்கள் —

மடியாம். அடித்துவிட்டேன்.

எடைக்காரி அன்று நாற்பது கிலோ ஐஸ் நிறுத்தாள்.

இது இருக்கட்டும், இது நடந்தது. ஐஸ் போடுகிறவனுக்குக் கை கொஞ்சம் சுருக்கம். அதனால் தம்பியின் மீன்பெட்டிக்கு மட்டும் அவளே நின்று நிறுத்துப் போடுவாள். அன்றும் நாற்பது கிலோ போட்டாள், குடிதண்ணீர் இருபது லிட்டர் கேன் ஒன்றும் ஏற்றினாள். வாசகர் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேடுகிற அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை.

3

புதன்கிழமை மாலை மாடிக்கு வந்தாள். செருப்பில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க புத்தகமெல்லாம் எழுதுறீங்க இல்ல? ஒரு மனு எழுதிக் குடுங்க. கடல்ல தேடுற ஆபீஸ் கவுன்டர்ல வாயால சொன்னேன். எழுத்துல குடுங்கன்னுட்டாங்க."

"சொல்லும்மா. என்ன எழுதணும்?"

"எஞ்சின் நின்னா நம்ம ஆளுங்க வலையைத் தண்ணியில இறக்கிடுவாங்க. ஒரு முனையைப் படகோட முன்பக்கம் கட்டிடுவாங்க. வலை தண்ணிக்குள்ள தொங்கிக்கிட்டு படகைப் புடிச்சு வச்சுக்கும். அப்புறம் காத்து எவ்வளவு அடிச்சாலும் படகு காத்தோட போகாது, தண்ணியோடதான் போகும். இப்போ காத்து வடக்கே தள்ளுது. தண்ணி தெற்கே ஓடுது. அதனால தெற்கேதான் தேடணும். இதை எழுதுங்க, போதும்."

போதும் என்றாள். எனக்குத்தான் போதவில்லை.

எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அலுவலக விதி, எனக்கு ஒன்றேகால் பக்கம் வந்துவிட்டது. எதையாவது வெட்டியாக வேண்டும். ஒருபுறம் வலையைப் பற்றிய ஐந்து வரி, பாடப்புத்தகம் மாதிரி வறட்டு வறட்டென்று. மறுபுறம் இரவல் வாங்காத, என் சொந்தச் சரக்கான வரிகள்: 'காற்றின் கையில் சிக்கிய சருகாய் என் தம்பியின் படகு அலைந்துகொண்டிருக்கிறது. தங்கள் கருணைப் பார்வை —' இப்படியே கால் பக்கம்.

வலையை வெட்டினேன். சருகை வைத்துக்கொண்டேன்.

[இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு நியாயம் எழுதியிருந்தேன். ஐந்து வரி இருந்தது. அதையும் வெட்டிவிட்டேன். வெட்டத்தான் எனக்கு நன்றாக வருகிறதே.]

நூறு கிராம் வித்தியாசத்துக்கு வியாபாரியைக் கூட்டத்தில் நிறுத்திவைத்துச் சண்டை போடுகிறவள் அவள். என் மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

4

இந்தக் கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். தேடல் அலுவலகத்தில் வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை அதற்குத் தேர்ந்தெடுத்து, பல் குத்திக்கொண்டே பேசுகிறவராக ஒரு பத்தி எழுதி எடைக்காரியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவரு பல்லெல்லாம் குத்தல. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாரு" என்றாள்.

போட்டார்தான். நானும் கூட இருந்தேன். மூன்று நாள் தேடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேடலை முடித்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். திங்கட்கிழமை அறை பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை, அதாவது எட்டாவது நாள், மறுபடி போனோம். குளிரூட்டிய அறை. நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர், மேஜையில் ஆறிப்போன டீ. சுவரை அடைத்த திரையில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வடக்கே பத்தொன்பது கட்டங்களில் பச்சை டிக் போட்டிருந்தது.

"ஒரு கட்டம் விடாம விமானம் பாத்திருக்கும்மா" என்றார் அதிகாரி. மெதுவான குரல்தான்.

"தெற்கே பாத்தீங்களா சார்?"

"காத்து வடக்கே தள்ளுச்சு. எஞ்சின் இல்லாத படகு காத்தோடதான் போகும்."

"வலையை இறக்கியிருப்பாங்களே சார்."

அவர் படகின் பதிவைத் திறந்து பார்த்தார். "கடல் நங்கூரம், இல்லைன்னு போட்டிருக்கு. குடை மாதிரி இருக்கும், தண்ணிக்குள்ள விட்டா படகை இழுத்துப் புடிக்கும். உங்க படகுல அது இல்லம்மா."

"கடையில விக்கிற குடை இல்லதான் சார். ஆனா வலை இருக்கே. அதே வேலையைத்தான அதுவும் செய்யுது?"

"பதிவுல வலைக்குன்னு ஒரு எடம் கிடையாதும்மா." பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். என் மனு. ஒரு வரியின் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. "நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. காற்றின் கையில் சிக்கிய சருகாய்னு. குடும்பத்துக்காரங்க சொல்றதையும் சேத்துதான் திசையை முடிவு பண்ணினோம்."

எடைக்காரி தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"வலை எங்க அண்ணே?"

நான் அதிகாரியிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, அவள் இரண்டாவது நாளே சொன்னாள், நான்தான் விட்டுவிட்டேன் என்று. அவருடைய முகமும் வாடித்தான் போனது. ஆனாலும் சொன்னார்: "புதுத் தகவல்னா புது மனு குடுங்க. பரிசீலனைக்கு ஏழு வேலைநாள் ஆகும்."

"புதுசில்ல சார். இதே கவுன்டர்ல நின்னு சொன்னேன்."

"காகிதத்துல இல்லையேம்மா. அதோட, கடல்ல ஒரு ஆளு அஞ்சு நாள்தான் தாங்கும்னு எங்க கணக்கு. அதனாலதான் முடிச்சோம்."

"உங்க அஞ்சு நாளை யாரு நிறுத்துப் பாத்தது? நாப்பது கிலோ ஐஸ் நான் நிறுத்தேன். உருகினா தண்ணி. மீன் நாத்தம் அடிக்கும், ஆனா குடிக்கலாம். கேன்ல இருபது லிட்டர். ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர்னாலும் பதினஞ்சு நாள் வரும். இதுல எங்க சார் தப்பு?"

அவர் மனு வாங்கும் ஜன்னல் எதுவென்று கைகாட்டினார்.

5

இந்த மனிதரைக் கெட்டவராக எழுத முடியாமல் போனதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவர் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடலாம். இவருக்கு நாற்காலி இழுத்துப் போடத் தெரிகிறது. எஞ்சின் நின்றால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. துறைமுகத்தில் வலை உதறிக்கொண்டிருக்கும் எவனைக் கேட்டாலும் பதில் சொல்லியிருப்பான். பத்தொன்பது கட்டத்துக்கு எரிபொருள் ஊற்றியவர்கள் ஒரு கேள்வி கேட்க வாயைத் திறக்கவில்லை. ஒரு கதைக்காரனின் சருகை நம்பினார்கள், எடை போடுகிறவளின் வாயை நம்பவில்லை.

(துறைமுகத்துப் படகுகள் சும்மா இருந்தனவா என்று நீங்கள் கேட்கலாம். முதல் இரண்டு நாள் கையிலிருந்த எரிபொருள் தீரும்வரை அவர்களே போய்த் தேடினார்கள். பிறகு, தேடும் விமானத்துக்கு இடைஞ்சல், யாரும் கடலுக்கு வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. உத்தரவு நீங்கியபோது, தெற்கே நீரோட்டம் இழுத்துப் போயிருக்கக்கூடிய தூரம் சின்னப் படகு போய்த் திரும்புகிற தூரமாக இல்லை. இப்போது விமானம்தான் வேண்டும்.)

6

முடிவுகளை எழுதிவைத்துக்கொண்டு இன்று மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

முடிவு ஒன்று: விமானம் தெற்கே போகிறது. தம்பி சட்டையைக் கழற்றி ஆட்டுகிறான். வானொலி, விமானிக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையில் பேசத் தொடங்குகிறான்.

வானொலியின் பெயர் வந்த இடத்தில் அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தராசுல வைக்காத மீனுக்கு எடைச் சீட்டு எழுதக் கூடாதுண்ணே. அடிங்க."

முடிவு இரண்டு: எங்கோ ஒரு கரையில் காலிப் படகு —

"நிறுத்துங்க. அதை அந்த ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமையே எழுதிட்டாங்க."

முடிவு மூன்று, கடல் ஒன்றும் சொல்லாமல் கிடக்கிறது என்பது மாதிரி. ரசிகர்களுக்குப் பிடிக்கும். அவளிடம் வாசிக்கவே துணிச்சல் வரவில்லை.

"ஏன் எல்லாரும் முடிக்கவே நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "அவருக்குக் கோப்பை முடிக்கணும். உங்களுக்குக் கதையை முடிக்கணும். என் தம்பி இன்னும் தண்ணியில இருக்கான்."

7

ஆகவே முடிவு கிடையாது. யாரும் இதை நவீன உத்தி என்று பாராட்டவேண்டாம்.

நேற்றே புது மனு கொடுத்துவிட்டோம். ஏழு வேலைநாளில் சனி ஞாயிறு சேராது. பதில் பதினேழாவது நாள் வரும். தண்ணீர் பதினைந்தாவது நாள் தீரும். இந்த இரண்டு எண்களையும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவரிடம் அவள் சொன்னாள். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மனு மேஜையில் கிடக்கும், கதை நடமாடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போடுவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அன்றே படித்தால் அது பதின்மூன்றாவது நாள், இரண்டு நாள் தண்ணீர் மிச்சமிருக்கும். உங்களுக்கு யாரையாவது தெரிந்திருக்கலாம், போன் இருக்கிறது, வாய் இருக்கிறது. பத்திரிகை பழையதான பிறகு படிக்கிறவர்களுக்கு முடிவு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

விட்டுப்போன ஐந்து வரிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். இந்த முறை எடைக்காரி மூன்று தடவை படித்துப் பார்த்து, 'அன்பு' என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

படகில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் வலையை நீரில் இறக்கி, முனையைப் படகின் முன்பக்கம் கட்டியிருப்பார்கள். அப்படி வலை இறக்கிய படகு காற்றோடு போகாது, நீரோட்டத்தோடு போகும். நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. தெற்கே தேடவும்.