காணாமல் போன வயிறு

பெட்டியைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. மஞ்சள் இறக்கைகள் இருந்தன, கொம்புகள் இருந்தன, அந்துப்பூச்சியின் வயிற்றை மட்டும் காணவில்லை.

பூச்சிகளை வரவழைக்க மலைக்காட்டில் விளக்கு வைத்துக் கட்டிய வெள்ளைத்துணியில் ஒரே ஒரு தடவை வந்து உட்கார்ந்த பூச்சி அது. யாரும் பார்த்திராத இனம் என்று எழுதத் தொடங்கியிருந்தாள். இறக்கையின் நிறத்தை வைத்து மட்டும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வயிற்று நுனிக்குள் இருக்கும் உறுப்பைப் பிரித்து வரைந்து காட்டினால்தான் புது இனம் என்று ஒப்புக்கொள்வார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் போய் வருவதற்குள் அந்த வயிறே போய்விட்டது.

அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பூச்சி அறைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவன் எதிர்மேசைக்காரன். ரப்பர் செருப்போடு ஓசைப்படாமல் நடப்பதால் அவனுக்குப் பூனை என்று பெயர்.

"பூனை, என் பெட்டியைத் தொட்டியா?"

"ஏன்க்கா, உள்ள பால் ஏதாவது வெச்சிருந்தீங்களா?" சிரித்தபடியே இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினான்.

அதைக் கவனித்துவிட்டாள். போன மாதம் இதே பூச்சியை இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தவன்தானே? முந்திக்கொண்டு தன் பெயரில் வெளியிட்டுவிட்டால்? நேரே இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "நீங்க போங்கம்மா, வர்றேன்" என்றார் அவர்.

திரும்பி வந்தபோது பூனை இடத்தில் இல்லை. இழுப்பறையை இழுத்தாள். சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே அரிசி நொய் போல ஒன்று மிதந்தது.

"பாத்துட்டீங்களா?" என்றது முதுகுக்குப் பின்னால் குரல்.

"கூட உக்காந்து வேலை பாக்கறவன் செய்யற காரியமாடா இது? கள்ளப் பூனை!"

"பூச்சிக்குக் கீழ பொடி கொட்டியிருந்ததுக்கா. வண்டுப் புழு வயித்துக்குள்ள பூந்து தின்னுட்டிருந்துது. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னு தனியா எடுத்து, சதையைக் கரைக்கிற காரத்தண்ணியில போட்டுச் சுத்தம் பண்ணேன். நுனி தப்பிச்சிருக்கு, பாருங்க."

நுண்ணோக்கியில் பார்த்தாள். கொக்கி போன்ற அந்த உறுப்பு சிதையாமல் இருந்தது.

"அப்புறம் எதுக்கு ஒளிச்சே?"

"பெட்டியில அந்துருண்டை இல்லக்கா."

அவள் கண் தானாகச் சன்னலுக்குப் போனது. அந்துருண்டை நெடி பட்டாலே அவளுக்குத் தலைவலி. தினமும் எடுத்துச் சன்னல் மேடையில் வைப்பாள், கிளம்பும்போது திரும்பப் போடுவாள். காய்ச்சல் என்று வீட்டிலிருந்து அழைத்த அன்று மறந்துவிட்டாள். உருண்டை இன்னும் அங்கேயே கிடந்தது.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்துல இதையும் சொல்லணுமான்னு இருந்துச்சு. முழுசா சுத்தம் பண்ணி முடிச்சிட்டு, சேதமில்லன்னு சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

இயக்குநர் உள்ளே வந்தார். "என்னம்மா, இவன்தான் எடுத்தானா?"

பூனை வாயைத் திறக்கவில்லை. அவளும் சும்மா இருந்தால் போதும், பழி அவன் தலையில் விடிந்துவிடும். கடவுள் சில நாள் ஒரு சின்ன உருண்டையை வைத்தும் மனிதரைச் சோதிக்கிறார்.

சன்னலிலிருந்து அதை எடுத்து வந்து உள்ளங்கையில் நீட்டினாள். "எடுத்தது இவன் சார். எடுக்க வெச்சது நான். இதை வெளிய வெச்சு மறந்துட்டேன். இவன் மேல அபாண்டமா சொல்லிட்டேன்."

"புது இனம் எழுதறது இருக்கட்டும், முதல்ல பெட்டியை ஒழுங்கா பராமரிக்கக் கத்துக்குங்க" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனார்.

முகம் எரிய உருண்டையைப் பெட்டி மூலையில் வைத்தாள். நெடி ஏறியது. நெற்றிப்பொட்டு விண்ணென்றது. செருப்புச் சத்தமே இல்லாமல் பூனை போய்ச் சன்னலைத் திறந்துவிட்டான்.

"தலைவலின்னா சொல்லிடுங்கக்கா. ஒளிச்சு வைக்காதீங்க."

"அதை நீ சொல்றே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.