கொட்டாரத்துச் சிவப்பு

தாணம்மாள் மூன்றாவதாக உண்டான 1951-இல் கொட்டாரத்தில் சிவப்பு நிறம் குறையத் தொடங்கியது. முதலில் அவள் வீட்டுச் செம்பருத்தி வெளுத்தது. பிறகு அம்மன் கோயில் குங்குமம் அரிசிமாவாய்த் தெரிந்தது. பழைய திருவிதாங்கூர் அஞ்சல் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிய சிவப்புத் தபால் பெட்டிக்கு, பாவம், எத்தனை தடவை வர்ணம் அடித்தாலும் சாயங்காலத்துக்குள் வெளுத்துப்போனது. மனுஷ ரத்தத்தை மட்டும் அந்த வெளுப்பு தொடவில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை இருந்தது.

காரணம் தாணம்மாளுக்குத் தெரியும். அவளும் புருஷன் பகவதியப்பனும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த குடும்பம். முதல் இரண்டு பிள்ளைகளும் வாழைத்தண்டு நிறத்தில் செத்தே பிறந்தன. கருவில் ரத்தம் முதலில் பிள்ளைக்கு வெளியே ஒரு சின்னப் பையில் ஊறும், பிறகு ஈரலில், கடைசியில் எலும்புக்குள் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா விளக்கினாள். இருவரிடமும் ஒளிந்திருக்கிற ஒரே குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்தால், பையிலிருந்து ஈரலுக்கு மாறும்போது ஊற்று நின்றுவிடுமாம். மருந்து கிடையாது.

தாணம்மாள் அழவில்லை. "உள்ள ஊறல்லேண்ணா வெளிய இருந்து எடுத்துக்கிடட்டு," என்றாள். வயிற்றுப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டது.

எட்டாம் மாதம் ஊரில் சிவப்பென்று மிஞ்சியது மிளகாய் வத்தல் வியாபாரி சுயம்புலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கி மட்டும்தான். கதவிடுக்கில் சாக்கு அடைத்துப் பூட்டி வைத்திருந்தார். பிள்ளையின் அசைவு நாளுக்கு நாள் குறைந்தது. தாணம்மாள் உச்சி வெயிலில் நடந்துபோய் அந்த வாசலில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எனக்க பொழப்பக் கெடுக்க வந்தியா?"

"அண்ணாச்சி, வத்தலு அடுத்த வருசமும் காய்க்கும். எனக்கு இனி காய்க்காது. நீங்க தொறக்காம எந்திக்க மாட்டேன்."

சுயம்புலிங்கம் அவள் வம்சத்தையே வைது தீர்த்தார். வைதுகொண்டேதான் சாவியையும் எடுத்தார். கதவு திறந்ததும் மூட்டை மூட்டையாக வத்தல் வெளுத்தது, உறைப்பு மட்டும் போகவில்லை. உள்ளே பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது. அப்போதுதான் தாணம்மாள் வாய்விட்டு அழுதாள்.

பிறந்தது பெண், முத்துக்கனி. 1956-இல் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று, ஊர்வலம் பார்க்க ஓடி விழுந்து முழங்கால் முட்டைப் பேர்த்துக்கொண்டாள். கொடியைப் போட்டுவிட்டு ஊரே ஓடிவந்து குனிந்தது. சிவப்பாக, நல்ல சிவப்பாக ரத்தம் வந்தது. பெட்டியின் சிவப்பு என்றார் தபால்காரர். குங்குமம் என்றார் பூசாரி.

"போம்வே, இது எனக்க வத்தலு," என்று சுயம்புலிங்கம் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய் வழக்கம்போல வெள்ளை வத்தல் அரைத்துக் குழம்பு வைத்தார்கள்.