களி கிண்டி முடியும்வரை

செவ்வாய்க்கிழமை காலை நான் கேட்டைத் திறந்தபோது, படியில் ஒரு மேடம் நின்று அழைப்புமணியை அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பெரிய பை. பார்த்ததுமே யாரென்று புரிந்துவிட்டது. எங்கள் அலுவலகம் கவனிக்கும் வீடுகளின் தரம் பார்க்க ஆள் வருவார்கள், சொல்லாமல்தான் வருவார்கள் என்று அலுவலகத்தில் எச்சரித்திருந்தார்கள். அவர் நல்லபடியாக எழுதினால் இந்த வாடகை வீடு நிலைக்கும். இல்லையென்றால் இதில் குடியிருக்கும் லிபியாவும் வெள்ளையம்மாவும் பழைய விடுதிக்கே திரும்ப வேண்டியதுதான். ஒரே ஹாலில் வரிசையாகக் கட்டில்கள், விளக்கை அணைப்பதில்கூட வார்டன் வைத்ததுதான் சட்டம்.

"நீங்கதான் அருள்மேரியா? நான் பிரியதர்ஷினி. ரொம்ப நேரமா பெல் அடிக்கிறேன், உள்ள ஆள் இருக்காங்க, திறக்க மாட்டேங்கறாங்க."

உள்ளே ஆள் இருப்பது தெருவுக்கே தெரியும். அடுப்பில் துடுப்பு சுற்றும் சத்தமும் ராகி மாவு வேகும் வாசமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. வெள்ளையம்மா கர்நாடக எல்லையோரம் அஞ்செட்டிப் பக்கத்துக்காரி, களி கிண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. லிபியாவுக்கு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுக்குக் காகிதம் சுற்றும் வேலை. அன்று அவளுக்கு வார விடுமுறை. இருவருக்கும் முப்பதைத் தாண்டிவிட்டது. எதுவும் மெதுவாகத்தான் புரியும், ஆனால் புரிந்துவிட்டால் பிடித்த பிடிதான். நான் காலையிலும் மாலையிலும் வந்து கூடமாட இருந்துவிட்டுப் போகிறவள்.

வாடகைக்குத்தான் என்றாலும் வீடு அவர்களுடையது. சாவி அவர்களிடம். நானே மணி அடித்துக் காத்திருந்துதான் உள்ளே போக வேண்டும். இதைப் பழக்க நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! சொல்லாமல் வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க, நானே சிலிண்டர்காரனாக, மீட்டர் பார்க்கிறவனாக, பெங்களூரு மாமாவாக வேஷம் கட்டிக்கொண்டு இதே வாசலில் நின்றிருக்கிறேன். மாமா சாக்லேட் கொண்டுவந்திருக்கிறார் என்றதும் லிபியா ஒவ்வொரு தடவையும் கதவை அகலத் திறந்து, "அய்யோ, மறுபடி ஏமாந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"லிபியா, கண்ணு, நான்தான். கதவத் திற."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் வந்தது. என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"மேரிக்கா, பரீட்ச வெக்கிறியா? வேஷத்துக்கு வேற ஆளக் கூட்டியாந்துட்டியா? அட்டைய மாட்டிக்கிட்டு வந்தா நம்பிடுவனா? இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன் போ!"

"வேஷம் இல்லடி, நெசமான மேடம்!"

"மாமாவும் நெசம்னுதான் சொன்ன."

உள்ளேயிருந்து வெள்ளையம்மா, "பேட, பேட!" என்று குரல் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"உங்ககிட்ட மாத்துச் சாவி இருக்கும்ல?" என்றார் மேடம்.

இருந்தது. உறையில் போட்டு ஒட்டி, என் கைப்பையின் அடியில் கிடந்தது. கை பைக்குள் போய்விட்டது. திறந்தால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும், மேடமும் வெயிலில் நிற்க வேண்டாம். ஆனால் ஜன்னலில் அந்த முகம்! முதல்முறையாக ஏமாறாமல் நிற்கிற பெருமையில் பூரித்துப்போயிருந்தது. பையை இழுத்து மூடினேன்.

"இது தீப்பிடிச்சா, யாராச்சும் மயங்கி விழுந்தா எடுக்கறதுக்கு மேடம். அவங்க திறக்கலன்னு திறக்க முடியாது. நீங்க எப்படி வேணா எழுதிக்கோங்க."

மேடம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளு லிபியா," என்றேன். அதுவும் பழக்கிக்கொடுத்ததுதான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "மூக்குக் கண்ணாடியா? ஆமா, போட்டிருக்காங்க. பேரு? ஏங்க, உங்க பேரு என்னங்க?" என்று விசாரித்தாள். மேடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெயரைச் சொன்னார்.

லிபியாவின் முகம் மாறியது. "நெசமா?"

"நெசம்," என்றேன்.

"இருங்க, களிய எறக்கிட்டுத் திறக்கறோம். பாதியில விட்டா கட்டி தட்டிடும்."

களி இறங்கியது. சாவி திரும்பியது. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே நானும் காலெடுத்து வைத்தேன். லிபியா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நீ வெளியவே இரு மேரிக்கா. நீ எப்படிப் பாத்துக்கறன்னு கேக்கறதுக்குத்தான் வந்திருக்காங்களாம், ஆபீஸ்ல சொன்னாங்க. நீ இருந்தா நான் எப்படிச் சொல்றது?"

கதவு என் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்! கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். "எப்பப் பாத்தாலும் தல வாரு, தல வாருன்னு கத்தும்," என்று லிபியா ஆரம்பித்தாள். அடிப்பாவி! அப்புறம் குரல் தாழ்ந்துவிட்டது. என்ன சொல்கிறாளோ, எதை விடுகிறாளோ! தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. மேடம் மெதுவாக ஏதோ கேட்டார். அதில் விடுதி என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

"பேட! பேட! பேட!"

வெள்ளையம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. நானும் எழுந்து கதவருகே போனேன்.

கதவு சற்றே திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. தட்டில் ஆவி பறக்கும் களி உருண்டை, நடுவில் குழி, குழி நிறையக் கீரைக் குழம்பு. வாங்கிக்கொண்டேன். கை உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது, உள்ளே சாவி திரும்பியது.