இடது கை மட்டும் இறுக்கம்

லாரி மெக்கானிக் வேலையை விட்டு மூன்று வருடமாகியும் அவரை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டார்கள். விரல் மடங்காமல் போனதற்கு டாக்டர் சொன்ன வைத்தியம், ஸ்வெட்டர் பின்னு என்பது. முதலில் அவர் டாக்டரை நம்பவில்லை. அப்புறம் ஊசியை நம்பவில்லை. ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை. சனிக்கிழமை தோறும் நூல் கடையின் பின்னறையில் கூடும் பின்னல் கூட்டத்தில் இப்போது ஒரே ஆம்பிளை அவர்தான்.

அன்று வந்ததும் வராததுமாகப் பையை மேஜையில் கவிழ்த்தார். மகளுக்காகப் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். திங்கட்கிழமை அவள் மீன் வைக்கும் குளிர் கிடங்கில் வேலைக்குச் சேருகிறாள். உடம்பும் வலது கையும் கச்சிதம். இடது கை மட்டும் பைப் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

"நூல்ல கோல்மால் நடந்திருக்கு. கடைசி ரெண்டு கண்டு மெலிசு" என்றார் கடைக்காரியிடம்.

"என் கடைக்கே வந்து என்னையே திருடிங்கிறீங்க. நல்லா இருக்குண்ணே!"

அவர் அசரவில்லை. பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். லாரி பேரிங் அளந்த அதே வெர்னியர். நூலை அதன் வாயில் கொடுத்து அளந்தார். முதல் கண்டும் கடைசிக் கண்டும் ஒரே தடிமன். தோள்பக்கக் கண்ணிகளை எண்ணினார். இரண்டு கையிலும் அறுபது அறுபதுதான்.

ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தி, கூட்டத்தில் மூத்தவள், ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். வலது கையில் நாலு அங்குலத்துக்கு இருபது கண்ணி. இடது கையில் இருபத்தஞ்சு.

"நூல் மேல குத்தமில்ல. இந்தக் கையைப் பின்னும்போது யாரைக் கடிச்சுக் குதறிட்டிருந்தீங்க? கோவத்துல இழுத்து இழுத்துப் பின்னியிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பானருக்கு முகம் கறுத்தது. யாரை என்று அவருக்குத் தெரியும். வேலை கிடைத்ததாக மகள் போனில் சொன்னதும் "போகாதே" என்றார். "போவேன்" என்றாள். போனை வைத்துவிட்டு ஊசியை எடுத்து இந்த இடது கையை ஆரம்பித்தவர்தான். ஒன்பது நாளாகப் பேச்சில்லை.

"ஆவி காட்டி இழுத்து விடலாமாண்ணே?" என்றாள் கடைக்காரி.

"இழுத்து விட்டது எத்தனை நாள் நிக்கும்? பிரிக்கிறேன்."

சரசரவென்று முழுக் கையையும் பிரித்துப் போட்டார். நூலைச் சுற்றினார், மறுபடி ஆரம்பித்தார். நாலு விரல் உயரம் வந்ததும் நர்ஸ் ஸ்கேலை வைத்தாள்.

"இருபத்துநாலு. கோவம் ஒரு கண்ணி குறைஞ்சிருக்கு."

அதையும் பிரித்தார். அப்புறம் போனை எடுத்து, எல்லோர் எதிரிலும் மகளைக் கூப்பிட்டார்.

"நான்தான். அந்தக் குளிர் ரூம் கதவு உள்ள இருந்து திறக்குமா?"

"ஒன்பது நாள் கழிச்சு இதுதான் கேள்வியாப்பா?"

"பதிலைச் சொல்லு."

"திறக்குமாம்."

"இந்த 'மாம்' எல்லாம் வேணாம். நீ தள்ளிப் பாத்தியா?"

"இன்னும் உள்ள போகலப்பா."

"ஒரு தடவை ஐஸ் லாரிக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன். பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரி பண்ணப் போனேன், காத்துல கதவு சாத்திக்கிச்சு. டிரைவர் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே கிடந்தேன். உங்க அம்மாகிட்டகூடச் சொல்லல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? கத்துறதுக்குப் பதிலா."

"இப்பச் சொல்லிட்டேன்ல. போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

கிடங்கு அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"கதவுக்கு உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் இருக்குப்பா, தள்ளினா திறக்கணும். கதவைச் சாத்தச் சொல்லி மூணு தடவை தள்ளினேன். மூணு தடவையும் திறந்துச்சு. சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியா பாக்கிறாரு."

"பாத்துட்டுப் போறான்."

ஊசியை எடுத்தார். நாலு விரல் உயரத்தில் நர்ஸ் கேட்காமலே ஸ்கேலை வைத்தாள். இருபது.

"இப்பதான் மனுஷன் கை" என்றாள்.

"வாயை மூடிட்டு உங்க மப்ளரைப் பாருங்க" என்றார் அவர். அன்று கடை மூடும்வரை பின்னினார். மறுநாள் விடிந்ததிலிருந்து சோறு தவிர எதற்கும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மகள் வந்தபோது கடைசித் தையல் ஓடிக்கொண்டிருந்தது. தொங்கும் நூலோடு அப்படியே மாட்டச் சொன்னார். இடது கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"நாளைக்கு நானும் வரேன். அந்தக் குமிழை ஒரு தடவை தள்ளிப் பாக்கணும்."

"வெளி ஆளை விடமாட்டாங்கப்பா."

"அப்ப நீ தினம் தள்ளிப் பாரு, வேலையைத் தொடறதுக்கு முன்னாடி. இன்னிக்குத் திறந்த கதவு நாளைக்கும் திறக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்?"

"சரி."

"சரி கிரி எல்லாம் வேணாம். பாக்கறேன்னு சொல்லு."

"தினமும் பாக்கறேன்பா."

அதற்கப்புறம்தான் கத்தரியை எடுத்து நூலை வெட்டினார்.