மூன்று கணு

என் மனைவி தாரணிக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால்கூட என் கையில் திணித்துவிடுவாள். அப்படிப்பட்டவள், சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் ப்ளாக்குக்குக் கீழே குடியிருப்பாளர்கள் சேர்ந்து போட்ட தோட்டத்தில் ஐந்து வகை வெற்றிலைக்கொடி வளர்த்தாள். கற்பூரக்கொடி, சக்கரைக்கொடி, பச்சைக்கொடி, மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் கொடுத்த, அவர்கள் சீரே என்று சொல்லும் வெற்றிலை. ஐந்தாவதுதான் வம்பு.

அதைக் கொடுத்தவர் தேக்காவில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒலி முகம்மது. தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை பார்த்த அவருடைய அப்பா வளர்த்த கொடியாம். இலை சிறியது, தடிமன். மென்றால் முதலில் கிராம்பு மாதிரிச் சுரீர் என்று ஏறி, பிறகு இனிக்கும். கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு இருக்கக் கடையநல்லூருக்குக் கிளம்பியபோது சட்டியோடு தூக்கித் தாரணியிடம் கொடுத்தார். "கேட்டவங்களுக்கு ஒரு துண்டு வெட்டிக் குடும்மா" என்றார். தாரணி பெரிதாகத் தலையாட்டினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தச் சமயத்தில் அவள் ஒரு வீடியோ பார்த்தாள். காவா என்று ஒரு செடி, வெற்றிலைக்குச் சொந்தம். விதை பிடிக்காது, தண்டை வெட்டி நட்டால்தான் உண்டு. ஹவாய்த் தீவுக்காரர்கள் அதன் பழைய வகைகளைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கு வீடு தண்டு கொடுத்து வைக்கிறார்களாம், ஓரிடத்தில் பட்டுப்போனாலும் இன்னோரிடத்தில் இருக்கட்டும் என்று. தாரணி அதில் தேடிப் பிடிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டாள். கொடுப்பது காதில் விழவில்லை. சட்டியில் 'தஞ்சோங் பகார் கொடி' என்று அட்டை எழுதிச் செருகினாள். வட்டாரத் தோட்ட விழாவில் வைத்தால் முதல் பரிசு என்று கணக்குப் போட்டாள்.

ஆமினா பீவி அக்கா முறையாகத்தான் வந்து கேட்டார். அடுத்த ப்ளாக்கில் இருப்பவர், எங்களைவிட மூத்தவர், தாரணியை எப்போதும் வாடி போடி என்றுதான் பேசுவார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து, "அந்தச் சின்ன இலைக் கொடியில ஒரு துண்டு குடேன்டி. வாயில போட்டா எங்க அத்தா ஞாபகம் வருது" என்றார்.

"அது ரேர் வெரைட்டிக்கா. இப்ப வெட்டினா தாங்காது லா" என்றாள் தாரணி. வட்டிலப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதை நானும் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் கொடியின் நுனியில் ஒரு துண்டைக் காணவில்லை. மூன்று கணு இருக்கும். நடுவதற்குச் சரியான அளவு, தெரிந்த கை. இங்கே ஒன்று சொல்லவேண்டும். வெற்றிலைக்கொடியைக் கேட்டு வாங்கி நட்டால் வராது, சொல்லாமல் எடுத்துவந்து நட்டால்தான் தழைக்கும் என்பது நம் பெண்களிடம் உள்ள நம்பிக்கை. மணிபிளாண்டுக்கும் அதே சட்டம். எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கும் மணிபிளாண்ட், தாரணி ஒரு கிளினிக்கில் டாக்டருக்குக் காத்திருந்தபோது கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். "அதுவும் இதுவும் ஒண்ணாங்க?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

விடியற்காலையில் படிக்கட்டு ஓரம் நின்று காவல் காத்தாள். ஆமினாக்கா மறுபடி வந்தார். கையில் கத்தரி எதுவும் இல்லை, கொடியைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றார். தாரணிக்கு அது போதும். படம் எடுத்தாள். தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். 'நம் தோட்டத்தின் வெற்றிலைத் திருடி இவர்தான்' என்று தமிழில் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் நீட்டி, தமிழ் சரியா என்று கேட்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்துத் தந்தேன். 'வெற்றிலைத் திருடி'யில் அந்த 'த்' நான் போட்டது.

சிரிக்கிற முகம், கோப முகம் என்று வரிசையாக வந்து விழுந்தன. யாரோ அதை வேறு குரூப்புக்கும் அனுப்பினார்கள். ஆமினாக்கா குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்.

தாரணி கொடியைச் சுற்றிக் கம்பி வலை அடித்துப் பூட்டுப் போட்டாள். காலையும் மாலையும் தண்ணீர், போதாக்குறைக்கு உரம். மழைக்காலம் வேறு. ஒருநாள் இலைகள் தொங்கிப்போயிருந்தன. மண்ணைக் கிளறினால் அடித்தண்டு கறுத்து அழுகியிருந்தது. அலறிக்கொண்டு மேலே இருந்த நல்ல கணுக்களாகப் பார்த்து வெட்டினாள். தண்ணீரில் சிலது, தேங்காய் நார்த்தூளில் சிலது வைத்தாள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. கேட்டவர்களையெல்லாம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்ததால் வேறு எங்கும் ஒரு துண்டு கிடையாது.

ஒலி முகம்மதுவுக்குப் போன் போட்டாள். "எங்கிட்ட ஏதும்மா? இருந்ததத்தான் உங்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேனே" என்றார் அவர். "அதனால என்ன, நீ எத்தனையோ பேருக்குக் குடுத்திருப்ப. யாருகிட்டயாவது வாங்கி நட்டுக்கோ."

போனை வைத்துவிட்டுத் தாரணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆமினாக்காகிட்ட இருக்கும்லங்க? அவங்க கை நல்ல கை. வேர் விட்டிருக்கும்."

"போய்க் கேளு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? நீங்களும் வாங்க."

எனக்கு மட்டும் தனியாக நல்ல மூஞ்சி இருப்பதுபோல அழைத்தாள். போனேன். லிஃப்டில் அவள் கையில் திராட்சைப் பை ஒன்று இருந்தது. அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தது ஆமினாக்காவின் மகள் தமன்னா. எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. "ம்மா, அவங்க வந்திருக்காங்க" என்று மட்டும் உள்ளே குரல் கொடுத்தாள். ஆமினாக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். தாரணியைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த 'வாங்க' எனக்கே சுருக்கென்றது.

தாரணி வாயைத் திறப்பதற்குள் அவர், "இருங்க, காட்டுறேன்" என்று சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மண்சட்டி. காலிச் சட்டி. உள்ளே விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார்.

"பாருங்க, ஒண்ணுமில்ல. நீங்க குரூப்புல போட்ட அன்னைக்கே புடுங்கிட்டேன். ரெண்டு இலை புதுசா விட்டிருந்துச்சு. அதையும் வச்சுக்கல. வேர் கிடந்தா மறுபடி துளிர்க்கும்னு சுடுதண்ணி ஊத்தி, மண்ணோட குப்பைக் குழாயில கொட்டிட்டேன். சந்தேகம்னா ஜன்னல் பக்கமும் பாத்துக்கங்க."

எங்களைச் சோதனை போட வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். தாரணியின் கையிலிருந்த பை நழுவியது. நான் எடுத்து மேசைமேல் வைத்தேன், ஏதாவது செய்தாக வேண்டுமே.

"அன்னைக்கு மறுபடி எதுக்கு வந்தேன்னா" என்றார் ஆமினாக்கா, "வெட்டின இடம் நல்லா ஆறிடுச்சான்னு பாக்கத்தான். கேட்டேன், நீங்க இல்லேன்னுட்டீங்க. அப்புறம் எடுத்தா அது திருட்டுத்தான். அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா குரூப்புல ஒரு வார்த்தை எழுதிருங்கம்மா, நான் அதப் புடுங்கிப் போட்டுட்டேன்னு. இவ ஆபீஸ்ல யாரோ அந்தப் படத்தைக் காட்டி, இது உங்க அம்மாவான்னு கேட்டாங்களாம்."

தமன்னா திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு அந்த வீட்டுத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஒற்று சரியாக இருந்ததா என்று பார்த்தவன் நான்.

"அக்கா" என்றாள் தாரணி. "நான் அதைப் பாக்க வரலக்கா. எங்கிட்ட இருந்த கொடி அழுகிப்போச்சு. மொத்தமாப் போச்சு. உங்ககிட்ட ஒரு துண்டு கேக்கத்தான் வந்தேன்."

ஆமினாக்காவுக்கு அது உடனே விளங்கவில்லை. சட்டியைப் பார்த்தார், தாரணியைப் பார்த்தார்.

"வேற யாருகிட்டயும் இல்லையா?"

தாரணி இல்லை என்று தலையை அசைத்தாள்.

"யா அல்லா" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா வேர் விட்டிருந்துச்சேடி. வெள்ள வெளேர்னு வேரு. நான்தானே சுடுதண்ணி ஊத்தினேன்." கண் நிறைந்துவிட்டது. தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைய மன்னிச்சிருடி. முதல்ல திருடினேன், இப்ப அந்தக் கொடியே இல்லாம ஆக்கிட்டேன்."

"நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றாள் தமன்னா.

கேட்டது அம்மாவிடம். பார்த்தது எங்களை. தாரணி அந்தக் கையை விடவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் அழுதாள். எனக்கும் பதில் தெரிந்திருந்தது.